லீன்னு சொல்லி டிசைன் டிபார்ட்மென்ட்டைக் கட்டிப் போடறாங்க, இது சரிதானுங்களா?

பம்புக்காரன் | ஞாயிறு, இரவு 9:12

வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல ஒரு பம்பு கம்பெனில டிசைன்ல இருக்கேன், பதினோரு வருசமாச்சு. கம்பெனி பேரு வேண்டாம்.

ஷாப் ஃப்ளோர்ல மூணு வருசம் முன்னாடி லீன், அதாவது டொயோட்டா வழியில வேஸ்ட்டைக் கொறைக்கற முறை, கொண்டுவந்தாங்க. பொய் சொல்லக் கூடாது, நெஜமாவே நல்லா வந்துச்சு. அசெம்பிளி பக்கம் மோட்டார் பாடி மலையாட்டம் குவிஞ்சு கெடந்த எடத்துல இப்ப தரை தெரியுது. அந்தச் சந்தோசத்துல அதே கன்சல்டன்ட்டை எங்க பக்கமும் அனுப்பிட்டாங்க. அவரு வந்து மூணு உத்தரவு போட்டுட்டுப் போனாரு. ஒரு ஆளும் சும்மா இருக்கக் கூடாது, டைம் ஷீட் 95 சதவீதத்துக்குக் கீழ போகக் கூடாது. ஒரு மாடலுக்கு ஒரே டிசைன், ரெண்டாவது டிராயிங் போட்டா அது வேஸ்ட். ட்ரையல் காஸ்டிங்கை (சோதனை வார்ப்பை) பாதியாக் கொறைக்கோணும்.

இப்ப என்ன நடக்குதுன்னா, 6 அங்குல சப்மெர்சிபிளுக்கு (தண்ணிக்குள்ளயே மூழ்கி ஓடற பம்பு) ஒரு புது இம்பெல்லர், அதாவது உள்ள சுத்தித் தண்ணியைத் தள்ற சக்கரம். ஜனவரிக்குள்ள முடிச்சாத்தான் கோடை சீசனைப் பிடிக்க முடியும். டிராயிங் முடிஞ்சு, பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி உருவம்) போயி, காஸ்டிங்கும் வந்தாச்சு. பம்பை ஓட்டிச் சோதிக்கற டெஸ்ட் பெட்தான் கெடைக்கல. ஒம்பது நாளா ரேக்குல உக்காந்துட்டு இருக்குது. போய்க் கேட்டா, பெட் ஃபுல் லோடுல ஓடுதுன்னு சந்தோசப்படறாங்க.

இதுக்குப் பேருதான் லீனுங்களா?

---

ஓஎம்ஆர்_குமாஸ்தா | ஞாயிறு, இரவு 9:40

அண்ணே, சாஃப்ட்வேர்லயும் இதே கூத்துதான், என்ன, எங்க இம்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது. கோடு எழுதி முடிச்சு டெஸ்டிங் டீம் முன்னாடி மூணு வாரம் கெடக்கும். ஆனா எல்லாரோட டைம் ஷீட்டும் 100 சதவீதம்!

எங்க ஆபீஸ்ல "ஓபேயா ரூம்"னு ஒண்ணு வேற வெச்சாங்க. சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு. கிளையன்ட் வந்தா காட்டுறதுக்கு. மத்த நாள்ல பர்த்டே கேக் வெட்டுறோம்.

---

வெர்னியர் | திங்கள், காலை 6:05

பம்புக்காரர் தம்பிக்கு,

சென்னையில் வாகன உதிரிபாகத் தொழிலில் முப்பது வருடம் தரக் கட்டுப்பாட்டில் குப்பை கொட்டியவன் நான். 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, ஜப்பானின் தர விருதான டெமிங் பரிசு வாங்கியதும் எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் ஜப்பான் ஜுரம் அடித்தது. நான் இருந்தது வேறு கம்பெனி. ஆலையில் பலித்த மந்திரத்தை அப்படியே கொண்டுபோய் டிசைன் அறையில் ஓதினோம். உங்கள் கன்சல்டன்ட் இப்போது செய்வதும் அதேதான்.

ஆலையில் ஒரே பாகத்தை ஆயிரம் தடவை செய்கிறோம், ஆயிரமும் ஒன்று போல வர வேண்டும். டிசைனில் ஒரே படத்தை ஆயிரம் தடவை வரைந்தால் யாரும் சம்பளம் தர மாட்டார்கள். ஒவ்வொரு வேலையும் புதிது. எப்போது வந்து சேரும் என்பதும் தெரியாது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் முடித்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் வரிசை எப்படி நீளும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. வேலை இருக்கும் நேரத்தின் பங்கை, ஓய்வாக இருக்கும் நேரத்தின் பங்கால் வகுக்க வேண்டும். கிடைக்கும் விடையை ஒரு வேலைக்கான நேரத்தால் பெருக்கினால் சராசரிக் காத்திருப்பு.

உங்கள் பெட்டில் ஒரு டெஸ்ட்டுக்கு அரை நாள் என்று வையுங்கள். பெட் பாதி நேரம் ஓடினால் வருகிற வேலை அரை நாள் காத்திருக்கும். 80 சதவீதம் ஓடினால் 2 நாள். 90 என்றால் நாலரை நாள். 95 என்றால் ஒன்பதரை நாள்.

உங்கள் இம்பெல்லர் ரேக்கில் எத்தனை நாள் என்று சொன்னீர்கள்?

---

பம்புக்காரன் | திங்கள், காலை 7:31

ஐயா... ஒம்பது நாளுங்க. டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டேன்.

---

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 10:18

கோயம்புத்தூர் கணபதில சின்னதா மோட்டார், பம்பு யூனிட் வெச்சிருக்கறவன் நான். மொதலாளி பக்கத்தையும் யாராவது சொல்லோணுமில்ல?

அய்யா கணக்கு நல்லா இருக்குது. ஆனா மாசம் ஒண்ணாந் தேதி சம்பளம் போடறது நான். "20 சதவீதம் சும்மா இருக்கட்டும், அப்பத்தான் வேலை ஓடும்"னு சொன்னா என் சம்சாரமே சிரிப்பா. எங்கிட்ட டிசைன்ல இருக்கறதே ரெண்டு பேரு. சும்மா ஒருத்தன் உக்காந்திருக்கறதைப் பார்த்தா வைண்டிங் செக்சன்ல இருக்கறவன் என்னைக் கேக்கறான், "எங்களுக்கு மட்டும் டார்கெட்டா"ன்னு. பதில் சொல்லுங்க பார்க்கலாம்.

---

ஓஎம்ஆர்_குமாஸ்தா | திங்கள், காலை 10:50

கணக்குப்பிள்ளை சார், எங்க அம்மாச்சி ஊர்ல ஒரே ஒரு மாவு மில்லு. தீபாவளிக்கு முந்தின வாரம் வாசல்ல டப்பா வரிசை ரோடு வரைக்கும் நிக்கும். மில்லுக்காரருக்குப் பெருமை, "பெல்ட்டு நிக்கவே இல்ல"ன்னு. அம்மாச்சி காலைல வெச்ச டப்பா சாயந்தரம்தான் வரும். முறுக்கு அடுத்த நாள். நீங்க இதுல மில்லுக்காரர் இல்ல, முறுக்கு விக்கறவர். பெல்ட்டைப் பார்க்காதீங்க, டப்பாவைப் பாருங்க.

---

டூல்ரூம்_ஓசூர் | திங்கள், இரவு 8:22

மாவு மில்லு சூப்பர். நான் டை, மோல்டு (பாகத்தை வார்க்குற, அழுத்துற அச்சு) பக்கம். பதினாறு வருஷம். இந்த வரிசையோட வால்ல நிக்கிற ஆளு.

டிசைன்ல எல்லாரும் பிஸி பிஸின்னு ஆறு மாசம் எடுத்துப்பாங்க. டிராயிங் "ஃப்ரீஸ்" ஆனதும் எங்ககிட்ட தூக்கிப் போட்டுட்டு, எட்டு வாரத்துல டை வேணும்பாங்க. பிரிச்சுப் பார்த்தா பாகம் அச்சுல இருந்து கழண்டு வர வேண்டிய டிராஃப்ட் ஆங்கிள் (சாய்வு) இல்ல, அச்சு ரெண்டாப் பிரியற பார்ட்டிங் லைன் எங்கன்னே தெரியாது. திருப்பி அனுப்புவோம். ரிவிஷன் ஏ, பி, சி, டி... ஒரு தடவை ரிவிஷன் கே வரைக்கும் போச்சு. இதுல ட்ரையலைப் பாதியாக் குறைக்கிறாராம்! ட்ரையல் குறையாது சார், எங்க தலையில வந்து விடியும். எஃகுல வெட்டின பிறகு கண்டுபிடிப்பாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

80கள்ல ஹார்வர்டு ஆளுங்க உலகம் முழுக்கக் கார் கம்பெனிகளை அளந்தப்போ, பாடி டை செய்ய ஜப்பான்ல சராசரி 14 மாசம், அமெரிக்காவுல 25 மாசம்னு வந்துச்சு. ஜப்பான்காரன் மெஷின் வேகமா ஓடினதால மட்டும் இல்ல. பாடி டிசைன் ஆரம்பிக்கிறப்பவே டை டிசைனரும் பக்கத்துல உட்கார்ந்துடுவார். கார் ஏறக்குறைய என்ன அளவு, எத்தனை பேனல்னு தெரிஞ்சதும் எஃகுக் கட்டியை ஆர்டர் போட்டுடுவாங்க. டிராயிங் முழுசா முடியறதுக்கு முன்னாடியே ரஃப் கட் ஆரம்பம். கடைசி அளவு வந்ததும் ஃபினிஷ் கட்.

அதாவது பாதி தெரிஞ்ச விஷயத்தைப் பாதி தெரிஞ்சதுன்னு சொல்லியே எங்களுக்குக் கொடுத்தாங்க. எங்க ஊர்ல பாதி தெரிஞ்சதை வெளிய சொல்றது அவமானம்.

---

நகோயா_வாசி | செவ்வாய், காலை 5:47

பன்னிரண்டு வருடமாக ஜப்பானில் நகோயா பக்கம் ஒரு உதிரிபாக நிறுவனத்தில் இருக்கிறேன். ஓபேயா கேக் வெட்டும் அறையாகிவிட்டது என்று படித்ததும் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

ஓபேயா என்றால் பெரிய அறை, வேறு ரகசியம் இல்லை. அது பிறந்த கதையைச் சொல்கிறேன். 1993இல் டொயோட்டா "ஜி21" என்று ஒரு வேலையைத் தொடங்கியது, இருபத்தோராம் நூற்றாண்டுக்கு ஒரு கார் என்பதற்காக. தலைமைப் பொறியாளராகப் போடப்பட்டவர் தகேஷி உச்சியமாதா. அதற்கு முன் அவர் எந்தக் காருக்கும் தலைமைப் பொறியாளராக இருந்ததில்லை. வழக்கமாக அந்த நாற்காலியில் உட்காருபவர், எந்தத் துறையில் எதைக் கேட்டாலும் பதில் சொல்லக்கூடிய ஜாம்பவானாக இருப்பார். தனக்கு அவ்வளவு தெரியாது என்பது இவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் தெரிந்தவர்களை எல்லாம் ஒரே அறைக்கு வரவழைத்தார். தெரியாத ஒன்றை அங்கேயே கேட்டு அங்கேயே முடிவெடுக்கத்தான் அந்த அறை. சுவரில் ஒட்டிய தாள் அதற்கு வந்த துணைக்கருவி. உங்கள் ஆபீஸ் துணைக்கருவியை மட்டும் வாங்கிவிட்டது.

அந்தக் கார்தான் பிரியஸ். கன்சல்டன்ட்டின் "ஒரே டிசைன்" கட்டளைக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. ஹைப்ரிட் அமைப்புக்கு ஏறத்தாழ 80 வழிகளை எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் எங்கே, மோட்டார் எங்கே, இரண்டையும் எப்படிக் கோப்பது என்று 80. அதைக் கழித்துக் கழித்து நாலுக்குக் கொண்டுவந்து, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, ஒன்றைப் பிடித்தார்கள். முதல் மாதிரி வண்டி 1995 கடைசியில் தயாரானது. நகரவில்லை. 49 நாள் கழித்துத்தான் உருண்டது. அப்படியும் 1997 டிசம்பரில் கடைக்கு வந்துவிட்டது, அதுவும் முதலில் நினைத்ததைவிட முன்னதாக.

இந்த முறையை 1995இல் ஆலன் வார்டு முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். முடிவைத் தள்ளிப் போடுகிற கம்பெனி எப்படி எல்லாரையும்விட வேகமாகக் கார் செய்கிறது என்பதுதான் அவர்களுக்கு வியப்பு. ஒரே டிசைனைப் பிடித்துக்கொண்டு போனால், அது தப்பு என்று கடைசியில் தெரியும்போது முதல் படிக்குத் திரும்ப வேண்டும். டூல்ரூம் அக்கா சொன்ன ரிவிஷன் கே, அந்தத் திரும்பி நடக்கிற தூரம்தான்.

---

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 9:30

டொயோட்டா டொயோட்டான்னு சொன்னா நான் என்ன பண்றது. 80 ஹைப்ரிட் செய்ய அவங்ககிட்ட காசு இருக்குது. ஒரு பேட்டர்ன் செய்யக் கொடுத்தாலே எனக்கு நெஞ்சு படபடங்குது. ரெண்டு கொடுத்தா வட்டி யாரு கட்டுவா?

---

நகோயா_வாசி | செவ்வாய், காலை 9:58

80ஐயும் செய்யவில்லை ஐயா. தாளிலும் கம்ப்யூட்டரிலும் கழித்தார்கள். உலோகத்தில் செலவு தொடங்குவதற்கு முன்பே கழிப்பதில்தான் சூட்சுமம்.

---

வெர்னியர் | செவ்வாய், மாலை 4:15

காசு இல்லாதவர்கள் கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டேட்டன் ஊரில் இரண்டு சைக்கிள் கடைக்காரர்கள், ரைட் சகோதரர்கள். 1900, 1901 இரண்டு வருடமும் அவர்கள் கட்டிய கிளைடர்கள் எதிர்பார்த்த தூக்கு விசையைத் தரவில்லை. காற்றின் விசையைக் கணக்குப் போடப் பயன்படுத்திய பழைய எண் தப்பு என்று சந்தேகம் வந்தது. 0.005 என்று நூறு வருடத்துக்கும் மேலாக எல்லாரும் நம்பி எடுத்துக்கொண்ட எண் அது. உண்மையில் 0.0033 பக்கம்.

மூன்றாவதாக இன்னொரு கிளைடரைக் கட்டிப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. 1901 இலையுதிர் காலத்தில் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைக் காற்றுச் சுரங்கமாக்கி, ஹாக்ஸா பிளேடையும் சைக்கிள் கம்பியையும் வைத்துத் தராசு செய்து, ஏறத்தாழ 200 குட்டி இறக்கைகளைச் சோதித்தார்கள். கிடைத்த அட்டவணையை வைத்து 1902இல் கட்டிய கிளைடர் சொன்னபடி கேட்டது. 1903 எல்லாருக்கும் தெரியும்.

அவர்கள் சுரங்கத்தில் எந்த விமானமும் பறக்கவில்லை கணக்குப்பிள்ளை அவர்களே. அட்டவணைதான் கிடைத்தது. ட்ரையல் என்றால் முழு பம்பு என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம்.

(சுரங்கப் பெட்டியை அவர்களே செய்தார்கள், அதற்கு டெண்டர் விட்டிருந்தால் 1910 ஆகியிருக்கும் என்பது என் சொந்தக் கருத்து.)

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 9:00

டெண்டர் பற்றித் தொடர்ந்து வந்த ஒன்பது பதிவுகளை "அரட்டை" பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே விஷயத்தைப் பேசுவோம்.

---

பம்புக்காரன் | வியாழன், இரவு 10:47

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு நாளா ஒரு வேலை பண்ணிட்டு இருந்தேன்.

வெர்னியர் ஐயா "அட்டவணை"ன்னு சொன்னது மண்டையில நின்னுடுச்சு. எங்க டெஸ்ட் ரிப்போர்ட்டெல்லாம் ஒரு இரும்பு பீரோவுல கெடக்குது. ஒவ்வொரு மாடலும் பாஸ் ஆனதும் ஃபைல் போட்டு மூடிடுவோம். ஃபெயில் ஆனதை எழுதவே மாட்டோம், அது கண்ணராவின்னு. ஏற்கெனவே ரிட்டயர்டு ஆன ஒரு சீனியர் மட்டும் நோட்டுல எழுதி வெச்சிருந்தாரு. அந்த நோட்டை அவங்க வீட்டுக்கே போயி வாங்கிட்டு வந்தேன். அந்தம்மா காப்பி போட்டுக் குடுத்து, "இதைத் தேடிட்டு வர ஆளு இருக்குதா"ன்னு கேட்டாங்க.

பீரோவுல இருந்ததும் நோட்டுல இருந்ததும் சேர்த்து 61 டெஸ்ட்டு. இம்பெல்லர் வெளிவாய் அகலத்துக்கு எதிர்க்க எஃபிஷியன்சி, ஹெட் (தண்ணியை ஏத்தற உயரம்) எவ்வளவு சீக்கிரம் விழுதுன்னு கிராஃப் தாள்ல புள்ளி வெச்சேன். எக்ஸெல் வேண்டாம்னு கையாலயே வெச்சேன், அப்பத்தான் மண்டைக்குள்ள எறங்குது. வாயை அகலமாக்குனா தண்ணி கூடும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு அகலத்துக்கு மேல போனா, ஹெட் கம்மியா இருக்கற கெணத்துல மோட்டார் ஓவர்லோடு எடுக்குது. அந்த எல்லை எங்கன்னு புள்ளிக எல்லாம் சேர்ந்து பளிச்சுன்னு ஒரு கோடு காட்டுது. போன நாலு வருசத்துல மூணு மாடல் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயி அடி வாங்கியிருக்குது. மூணு தடவையும் புதுசா கண்டுபிடிச்ச மாதிரி மீட்டிங் போட்டோம். ரேக்குல உக்காந்திருக்கற என் இம்பெல்லரும் கோட்டுக்கு மேலயே உக்காந்திருக்குது!

வேஸ்ட்டுன்னா இதுதானுங்களே. ரெண்டாவது டிராயிங்கா வேஸ்ட்டு?

---

டூல்ரூம்_ஓசூர் | வியாழன், இரவு 11:05

அந்தக் கோட்டை பெரிசா வரைஞ்சு சுவர்ல மாட்டுங்க தம்பி. கேக் வெட்டுற ரூம்லயே மாட்டினாலும் பரவாயில்ல.

---

வெர்னியர் | வெள்ளி, காலை 6:10

மகிழ்ச்சி. ஒன்று மட்டும். மேலிடத்தில் பேசும்போது "வரிசை", "காத்திருப்பு" என்று சொல்லாதீர்கள், காதில் ஏறாது. ரூபாயில் சொல்லுங்கள். தாமதத்துக்கு விலை போடச் சொல்லி டான் ரெய்னெர்ட்சன் என்ற அமெரிக்கர் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறார். ஜனவரி தவறி ஒரு மாதம் தள்ளிப் போனால் எத்தனை பம்பு போகும், ஒரு பம்பில் என்ன நிற்கும்?

---

பம்புக்காரன் | வெள்ளி, காலை 8:20

சீசன்ல மாசம் 400 பம்பு போகும்னு மார்க்கெட்டிங் சொல்றாங்க. எப்பவும் கூட்டித்தான் சொல்லுவாங்க, 300ன்னு வெச்சுக்கறேன். பம்புக்கு 900 ரூபா நிக்கும். மாசத்துக்கு 2,70,000 ரூபா. டெஸ்ட் பெட்டுக்கு ரெண்டாவது ஷிப்ட் ஆள் போட்டா 22,000.

அட. இதை ஏன் இத்தனை நாளு யாரும் போட்டுப் பார்க்கல?

---

கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 11:40

அந்தக் கணக்கு எனக்குப் புரியுது. இப்படி ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா நான் ஏன் சண்டை போடப் போறேன்.

ஆனாலும் கேக்கறேன். எங்கிட்ட ஒரே சமயத்துல பன்னெண்டு மாடல் ஓடுது. வருசத்துக்கு நாலு முடியுது. எல்லாமே டீலருக்கு வேணும். எதை நிறுத்தச் சொல்றீங்க?

---

ஓஎம்ஆர்_குமாஸ்தா | வெள்ளி, மதியம் 1:15

சார், பன்னெண்டை நாலால வகுங்க. ஒரு மாடல் ஆரம்பிச்சா சராசரியா மூணு வருஷம் கழிச்சுத்தான் வெளிய வருது. ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961ல நிரூபிச்ச விதி, வேற வித்தையே இல்ல. ஆறை அலமாரியில வெச்சுப் பூட்டுங்க. வருஷத்துக்கு அதே நாலு முடிஞ்சாக்கூட ஒவ்வொண்ணும் ஒன்றரை வருஷத்துல வரும். ரெண்டு டிசைனர் பன்னெண்டு மாடலுக்கு ஃபோன் எடுக்கிறதை நிறுத்தினா, நாலு அஞ்சாகவும் வாய்ப்பிருக்கு. எந்த ஆறுன்னு நீங்கதான் சொல்லணும். அந்த வலியை இங்க யாரும் வாங்கிக்க முடியாது.

---

நகோயா_வாசி | வெள்ளி, மாலை 6:33

"எந்த ஆறு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதற்குத்தான் டொயோட்டாவில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தலைமைப் பொறியாளர். பழைய பெயர் ஷுசா. 1955 கிரௌன் காருக்கு கென்யா நகமுரா, 1966 கொரோலாவுக்கு தத்சுவோ ஹசெகாவா என்று வழிவழியாக வருவது. ஹசெகாவா போர்க் காலத்தில் விமானம் வடிவமைத்தவர். ஷுசாவுக்குக் கீழே நேரடியாக வேலை செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற பொறியாளர்களின் சம்பளமோ பதவி உயர்வோ அவர் கையில் இல்லை. கார் ஓடாவிட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் துறைத் துறையாகப் போய்ப் பேசிப் பேசித்தான் காரியம் சாதிப்பார். நம் ஊரில் புராஜெக்ட் மேனேஜர் என்றால் தேதி கேட்டு மெயில் போடுகிறவர். அவருக்கு இம்பெல்லர் வாய் அகலம் பற்றி ஒரு கருத்தாவது இருக்குமா?

---

ஓஎம்ஆர்_குமாஸ்தா | வெள்ளி, மாலை 6:41

நான் புராஜெக்ட் மேனேஜர் சார் 😐

---

பம்புக்காரன் | ஆறு வாரம் கழிச்சு, சனி, இரவு 8:55

இழையை மறுபடி மேல தூக்கறதுக்கு மன்னிக்கோணும். என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன்.

ரெண்டாவது ஷிப்ட் கெடைக்கலீங்க. ஆளு எடுக்கறதுக்குத் தடை போட்டிருக்காங்க. அதுக்குப் பதிலா பெட்டு நேரத்துல அஞ்சுல ஒரு பங்கை யாருக்கும் குடுக்காம காலியா வெச்சுக்க மேனேஜர் ஒத்துக்கிட்டாரு. 2,70,000 கணக்கைக் காட்டுனதும்தான். மொத வாரம் பெட்டு காலியா இருக்கறதைப் பார்த்து அவருக்கே கை நமநமன்னுச்சு, ரெண்டு தடவை வேற வேலையை உள்ள தள்ளப் பார்த்தாரு.

ரேக்குல இருந்த இம்பெல்லரை டெஸ்ட் பண்ணாமயே ஒதுக்கிட்டேன். கோட்டுக்கு உள்ள மூணு வாய் அகலம் எடுத்து, பேட்டர்ன் போடாம, ரெசின் (3டி) பிரின்ட்ல மூணு இம்பெல்லர் போட்டோம். ஒவ்வொண்ணையும் ஒரே ஸ்டேஜா (ஒத்தை அடுக்கா) கோத்து, கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி ரீடிங் எடுத்தோம். ரெசின் நெறைய நேரம் தாங்காது, ஆனா ஹெட்டும் டிஸ்சார்ஜும் எடுக்க அது போதும். நான் மனசுல இதுதான்னு நெனச்சது மூணாவதா வந்துச்சு. நடுவுல இருந்ததுக்குத்தான் எஃபிஷியன்சியும் நின்னுச்சு, மோட்டாரும் சூடாகல. அதுக்கு மட்டும் பேட்டர்ன் குடுத்தோம். டூல்ரூம் அக்கா சொன்ன மாதிரி பேட்டர்ன் கடைக்காரரை மொத நாளே கூப்பிட்டு உக்கார வெச்சேன். ஒரே ரிவிஷன்.

ஜனவரி போச்சுங்க. பிப்ரவரி 20 வாக்குல வரும். பாதி சீசன் கெடைக்கும்.

கன்சல்டன்ட் போன வாரம் வந்து டைம் ஷீட் கேட்டாரு. 78 சதவீதம்னு உள்ளதை எழுதிக் குடுத்துட்டேன். செவப்புப் பேனாவுல வட்டம் போட்டு எடுத்துட்டுப் போயிருக்காரு. திங்கக்கிழமை கூப்பிட்டிருக்காங்க.

---

வெர்னியர் | சனி, இரவு 9:20

கிராஃப் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். கம்ப்யூட்டரில் போட்டது வேண்டாம், கையால் வரைந்ததையே.

---

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 11:38

தம்பி, அந்த ரெசின் பிரின்ட் எங்க போட்டீங்க, ஒண்ணுக்கு என்ன ஆச்சு? இங்க போட வேண்டாம், தனியா மெசேஜ் பண்ணுங்க. அலமாரிக்குப் பூட்டு வாங்கியாச்சு. அஞ்சு மாடல் உள்ள போட்டுட்டேன், ஆறாவதுக்குத்தான் மச்சானோட தகராறு நடந்துட்டு இருக்குது.